ஏப்ரல் மாதத்துத் தீர்ப்புகள்

பேஸ்பால் ரசிகன் ஒரு விசித்திரமான விமர்சகன். 162 ஆட்டங்கள் கொண்ட ஸீஸனில் பத்து ஆட்டங்கள் முடிவதற்குள் தன் அணியைப் பற்றித் தீர்மானமான ஒரு கருத்துக்கு வந்துவிடுகிறான். பெரும்பாலும் அது மோசமான கருத்து. பிறகு அந்தக் கருத்தையும் கட்டிக்கொண்டு மிச்சம் 152 ஆட்டங்களையும் பார்த்துத் தீர்க்கிறான். நம் விமர்சகர்களிடம் இதில் முதல் பாதி மட்டும்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

எனக்கு இந்த ஆட்டம் மைதானத்தின் வழியாக வரவில்லை, பி.ஏ.வில் படித்த ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' வழியாக வந்தது. அந்தக் கியூபாக் கிழவன் பழைய பேப்பரில்தான் ஸ்கோர் பார்க்கிறான். பார்க்காத ஆட்டத்தின் டிமாஜியோவுக்குக் குதிகாலில் வலி என்றால் இவனுக்கு அது சொந்த விஷயம். தூரத்திலிருந்து வெறும் எண்களைக் கொண்டே ஓர் அணியோடு வாழ முடியும் என்பதற்கு எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

என் அணி பால்டிமோர் ஓரியோல்ஸ். காரணம் பெயர்தான். ஓரியோல் என்றால் நம் மாங்குயில். அமெரிக்காவில் அந்தப் பெயரில் இருக்கும் பறவைக்கும் நம் மாங்குயிலுக்கும் பறவை சாஸ்திரப்படி உறவு கிடையாது. சாயலைப் பார்த்து வைத்த பெயர். விசுவாசங்கள் இதைவிட உறுதியான அஸ்திவாரத்தில் எழும்புவதாக நான் நினைக்கவில்லை. மார்ச் 31-ல் பாங்கில் நாங்கள் வருஷக் கணக்கை முடித்துக்கொண்டிருக்கையில் அங்கே கணக்குத் திறக்கிறார்கள். பால்டிமோரில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே விடியற்காலை நாலரை. நான் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் தோற்றிருப்பார்கள்.

2025 ஏப்ரலில் என் நோட்டில் எழுதியது இது: 'அடிக்கத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். எறிய ஆள் இல்லை. எண்பது ஜெயித்தால் அதிகம்.' எறிபவனை பிட்ச்சர் என்பார்கள். ஆட்டத்தில் பாதி அவன் கையில். எங்களில் சிறந்தவரான கார்பின் பர்ன்ஸ் ஸீஸனுக்கு முன்பே அரிஸோனாவுக்குப் போய்விட்டார். கிரேஸன் ரோட்ரிகஸ் காயத்தால் அந்த வருஷம் ஆடவே இல்லை. வந்து சேர்ந்தவர் 41 வயது சார்லி மார்ட்டன். ஏப்ரல் 20 அன்று சொந்த மைதானத்தில் ஸின்ஸினாட்டியிடம் 24-2 என்று தோற்றோம். மே 17-ல், 15 வெற்றி 28 தோல்வி என்ற கட்டத்தில், மானேஜர் பிராண்டன் ஹைடை நீக்கினார்கள். 2021-ல் 110 ஆட்டங்கள் தோற்ற அணியை வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்து, 2023-ல் 101 ஆட்டங்கள் ஜெயிக்க வைத்தவர் அவர். அவர் போன பிறகு 60 வெற்றி, 59 தோல்வி. மொத்தம் 75.

'தோற்றோம்' என்று எழுதியிருக்கிறேன். வங்கிக் குமாஸ்தா ஒருவனுக்கு அந்தத் 'தோம்' போட என்ன அதிகாரம் என்று கேட்கலாம். இந்தக் கட்டுரையே அந்த விகுதியைப் பற்றியதுதான்.

ஆரம்பத்தை வைத்து முடிவைச் சொல்ல முடியுமா? பேஸ்பால் சரித்திரம் இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. 1984-ல் டெட்ராய்ட் அணி முதல் 40 ஆட்டங்களில் 35 ஜெயித்தது. உலகக் கோப்பைக்குச் சமமான வேர்ல்ட் ஸீரீஸையும் ஜெயித்தது. 1987-ல் மில்வாக்கி முதல் 13 ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டு, தன் பிரிவில் மூன்றாவதாக முடித்தது. 2019-ல் வாஷிங்டன் 19 வெற்றி 31 தோல்வி என்று கிடந்து, அந்த வருஷமே சாம்பியன் ஆயிற்று.

இதை எண்ணிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் பில் ஜேம்ஸ். கான்ஸாஸில் உணவை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையொன்றில் இரவுக் காவல்காரர். 1977-ல் தன் கணக்குகளைத் தானே புத்தகமாகப் போட்டார். எழுபத்தைந்து பிரதிகள் போலத்தான் விற்றதாம். சிறுபத்திரிகைக்காரர்கள் இந்த எண்ணைக் கண்டு பொறாமைப்படலாம். 2003-ல் பாஸ்டன் அணி அவரைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுத்தது. அதில் நமக்குப் பொறாமைப்படக்கூட வழியில்லை. கண்ணால் பார்த்து ஆட்டக்காரனை எடைபோடும் பழைய ஆட்களுக்கும் இவர் வழி வந்தவர்களுக்கும் நடந்த சண்டை, ரசனை போதும் என்ற க.நா.சு.வுக்கும் அலசிக் காட்டு என்ற செல்லப்பாவுக்கும் நடந்ததை எனக்கு நினைவூட்டும். இரண்டு தரப்புமே எப்படித் தீர்ப்புச் சொல்வது என்றுதான் பேசின. தீர்ப்புக்கு மறுநாள் என்ன செய்வது என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு 1988-ல் என் அணி ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்த வருஷம் முதல் ஆறு ஆட்டங்களும் தோல்வி. மானேஜர் கால் ரிப்கன் ஸீனியர், 1957-ல் சேர்ந்து முப்பது வருஷம் அந்த ஸ்தாபனத்தில் உழைத்தவர். அவருடைய இரண்டு மகன்கள் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸீஸனில் நூற்றுக்கு நாலு பங்குகூட முடியாத நிலையில் முதலாளிகள் தீர்ப்பெழுதி அவரை வெளியே அனுப்பினார்கள். ஃப்ராங்க் ராபின்ஸன் வந்தார். மேலும் பதினைந்து தோல்விகள். இருபத்தொன்று தொடர்ச்சியாகத் தோற்று, ஏப்ரல் 29-ல் சிகாகோவில் 9-0 என்று முதல் வெற்றி. அடுத்த இரண்டும் தோல்வி. ஒரு வெற்றி, 23 தோல்வி என்ற கணக்கோடு மே 2 அன்று ஊர் திரும்பினார்கள்.

அன்று மைதானத்துக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அவர்கள் ஏமாளிகள் அல்ல. அணி மோசம் என்று முதலாளிகளைப்போலவே அவர்களுக்கும் தெரியும். அந்த வருஷம் 107 ஆட்டங்கள் தோற்று அணி அதை நிரூபிக்கவும் செய்தது. தீர்ப்பின் வாசகத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. ஒருவர் அதே வாசகத்தை வைத்து ஆளை அனுப்பினார். மற்றவர்கள் அதே வாசகத்தோடு டிக்கெட் வாங்கினார்கள். அப்பா நீக்கப்பட்ட பிறகும் மூத்த மகன் கால் ரிப்கன் ஜூனியர் ஓர் ஆட்டமும் விடாமல் ஆடினார். 1982-லிருந்து 1998 வரை தொடர்ச்சியாக 2632 ஆட்டங்கள். 1989-ல் அந்த அணி 87 ஜெயித்து, கடைசி வாரம் வரை முதலிடத்துக்குப் போட்டியிட்டது. ஐம்பதாயிரம் பேர் வந்ததால் இது நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. நடக்காமல் போயிருந்தாலும் அவர்கள் வந்தது வந்ததுதான்.

இந்த இதழுக்காக ஒரு முதல் கவிதைத் தொகுதி என் மேஜையில் இருக்கிறது. நாற்பத்தெட்டுப் பக்கம். சொந்தக் காசில் போட்டிருக்கிறார் பையன். தொகுதி பலவீனமானது. படிமங்கள் இரவல், மூன்று கவிதைகளில் மட்டும் ஒரு குரல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. இதை மழுப்பாமல் எழுதப்போகிறேன். மழுப்புவது ரசிகனின் வேலை அல்ல. ஆனால் நம் வட்டத்தில் ஒரு முதல் தொகுதிக்கு வருவது ஒரே ஒரு மதிப்புரை. அது வந்த பிறகு அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. ஆறு ஆட்டத்தில் ஆளை அனுப்பும் முறை நம்முடையது. இரண்டாவது தொகுதியைப் படிக்கும் உத்தேசம் இல்லாதவனுக்கு முதல் தொகுதியைக் குறை சொல்ல உரிமை உண்டா? இல்லை என்றே நினைக்கிறேன். திறமை, படிப்பு, அலசும் பயிற்சி எல்லாம் இருந்தும் இந்த ஒன்று இல்லாவிட்டால் அவன் எழுதுவது நிர்வாகக் கடிதம்.

ஆகவே மதிப்புரையில் 'இவர்' என்று எழுதும் இடங்களிலெல்லாம் 'நாம்' என்று போட்டுப் பார்க்கிறேன். சில வாக்கியங்கள் அதைத் தாங்குகின்றன, சில முறிகின்றன. முறிந்தவற்றை அடித்துக்கொண்டு வருகிறேன்.