உறை பிரிக்கப்படாத கடிதம்

வளைகுடா நகரொன்றில், செல்வர் ஒருவரின் இல்லத்தில் நான் காரோட்டியாகப் பணியாற்றிய காலம் அது. 2016-ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள், அவருடைய உயர்ரகக் காரின் முன்பெட்டியில் பத்திரங்களைத் தேடியபோது, உறை பிரிக்கப்படாத கடிதமொன்று கையில் சிக்கியது. முதலாளியிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தவர், “இவ்வளவு விலை கொடுத்த வண்டியில் குறையாவது!” என்று சிரித்துவிட்டு, என்னிடமே திருப்பித் தந்தார்.

இரவில் அதைப் படித்தேன். விபத்தின்போது ஓட்டுபவரைக் காக்க விரியும் காற்றுப்பையில் குறை உள்ளது. வண்டியைக் கொண்டு வந்தால் கட்டணமின்றி மாற்றித் தருகிறோம் என்பதே அதன் சாரம். அப்பையை ஊதச் செய்யும் உலோகக் குப்பியில் அம்மோனியம் நைட்ரேட் இருக்கிறது. பல்லாண்டு வெப்பமும் ஈரப்பதமும் அதைச் சிதைத்துவிட்டால், தேவைப்படும் வேளையில் அது அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். குப்பி உடைந்து, சில்லுகள் தெறிக்கும். கடலோரப் பாலை நகரில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏது பஞ்சம்?

வண்டி அவருடையது, கடிதமும் அவருடையது. ஆனால், அந்தக் குப்பிக்கு நேரே நெஞ்சைக் காட்டி நாள்தோறும் அமர்ந்தவன் நான்.

விலை உயர்ந்தால் குறை இராது என்பது வெறும் எண்ணமே. டொயோட்டா நிறுவனம் 1989 செப்டம்பரில் அமெரிக்காவில் லெக்ஸஸ் எல்.எஸ். 400 என்னும் ஆடம்பரக் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மின்கம்பி இணைப்பிலும் பிரேக் விளக்கிலும் குறையென இரண்டே புகார்கள் வந்தன. அவ்வளவில், அதுவரை விற்ற சுமார் 8,000 கார்களையும் அவ்வாண்டு டிசம்பரில் சீர்செய்ய முற்பட்டது. வாடிக்கையாளரின் வீட்டுக்கே ஆள் அனுப்பி, 20 நாட்களில் வேலையை முடித்தது. பிழையை ஒப்புக்கொண்டதால் அதன் பெயர் கெடவில்லை, வளர்ந்தது. ஆயினும், எல்லா வாசலுக்கும் ஆள் வருவதில்லை. பெரும்பாலும் கடிதந்தான் வரும். அதைப் பிரிக்க வேண்டியவர்கள் நாம்.

மறுநாள் காலை முதலாளியிடம், “அர்பாப், வெள்ளிக்கிழமைகளில் அந்த இருக்கையில் உங்கள் மூத்த மகன் அமர்கிறார்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்றே போகச் சொன்னார். அரைநாளில் வேலை முடிந்தது. ஒரு காசும் கேட்கவில்லை. என் நெஞ்சைப் பற்றி நான் பேசாதது ஏன் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற மாதம், என் சகோதரியின் மகன் பழைய வெளிநாட்டுக் காரொன்றை வாங்கி, எனக்குக் காட்ட வந்தான். கடிதம் ஏதும் வந்திருந்தால், அது முதலில் வாங்கியவரின் முகவரிக்கே போயிருக்கும். “மாமா, இருக்கையெல்லாம் தோல், பாருங்கள்” என்றான். நான் சேஸிஸ் எண்ணைக் குறித்துக் கொடுத்தேன்.

“முதலில் கம்பெனிக்காரர்களிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டு வா, மருமகனே. பிறகு உட்கார்ந்து பார்க்கிறேன்.”