டாப்பெட் சத்தம்

அப்பாவின் புல்லட் 1984-ஆம் ஆண்டு திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. புதுச்சேரியின் உப்புக்காற்று அதன் மட்கார்டுகளை இருமுறை தின்று தீர்த்துவிட்டது; வார்ப்பிரும்பு எஞ்சினை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த எஞ்சினின் டாப்பெட்டைச் சரிசெய்யும் பொறுப்பு அண்ணன் தம்பிகளான எங்கள் கைக்கு வந்து சில ஆண்டுகளாகின்றன.

முதன்முறை நாங்கள் செய்தது பெரும்பிழை. எஞ்சினிலிருந்து எழும் 'டிக் டிக்' ஓசை எங்களுக்கு நோயாகத் தோன்றியது. ஓசை அடங்கும்வரை திருகினோம். அறவே அடங்கியது. மிஷன் வீதியில் பெருமையோடு ஒரு சுற்றும் வந்தோம். இரண்டு மாதங்களில் கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லை. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகிப் பிளந்திருந்தது.

காரணம் எளியது. வால்வு தன் சீட்டில் முழுமையாக அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கிவைக்கிறது. அளவு மீறி இறுக்கினால் அது முழுமையாக மூடுவதேயில்லை. கம்ப்ரஷன் கசியும்; எரியும் வாயு இடுக்கு வழியே பாய்ந்து விளிம்பைச் சுடும். தளர்ந்த டாப்பெட் கத்தித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இறுகிய டாப்பெட் வாய் திறக்காது.

அப்பா திட்டவில்லை. புது வால்வு பொருத்திய பின், எஞ்சின் இரவெல்லாம் ஆறிக் கிடந்த ஒரு ஞாயிறு காலையில் எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் உருட்டி, இரு வால்வுகளும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் உச்சிக்குப் பிஸ்டனைக் கொண்டுவந்தார். சிலிண்டரின் அடியிலுள்ள சிறு மூடிக்கு ஒற்றை நட்டுதான். அதைக் கழற்றினால் உள்ளே இரண்டு புஷ் ராடுகள். நாங்கள் ஃபீலர் கேஜைத் தேடினோம்.

"அது எதுக்குடா? விரலை வை" என்றார்.

பழைய புல்லட் எஞ்சினுக்கு, ஆறிய நிலையில் விதிக்கப்பட்ட இடைவெளி சுழியம். சுழியம் என்பது இறுக்கமன்று. ராடு இரு விரல்களுக்கிடையே தடையின்றிச் சுழல வேண்டும்; ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. லாக் நட்டை இறுக்கும்போதே அளவு சற்று நகர்ந்துவிடும் என்பதால் மறுபடியும் சுழற்றிப் பார்க்க வேண்டும். அன்று அது எங்களுக்குச் சரியாக அமைய ஆறு முறை ஆயிற்று. பின்னாளில் வந்த யூ.சி.இ. எஞ்சினில் ஹைட்ராலிக் டாப்பெட் இந்த வேலையையே இல்லாமல் செய்துவிட்டது. எங்கள் வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

அப்பாவுக்கு இப்போது காது மந்தம். தெருமுனையில் போகும் புல்லட்டின் ஓசையை வைத்தே அதன் குறையைச் சொன்னவர் அவர். ஆகவே, வேலை முடிந்து மூடியை மாட்டுமுன் அவருடைய நாற்காலியை வண்டியருகே இழுத்துப்போடுகிறோம். குனிந்து, நடுங்கும் இரண்டு விரல்களால் ராடுகளை ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்ப்பார். "ம்" என்றால் மூடலாம்.

போன ஞாயிறு அவர் "ம்" சொல்லவில்லை. ஸ்பானரை எடுத்து எங்களிடம் நீட்டினார். எக்ஸாஸ்ட் ராடு இம்மியளவு இறுக்கமாக இருந்திருக்கிறது. எங்கள் நான்கு கைகளுக்கும் அது தெரியவில்லை.