முகம் சொல்லும் உண்மை

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை செய்யும்போது, ஆறாம் நிலையில் முழந்தாளிடுகின்றோம். வெரோணிக்கம்மாள் ஆண்டவரின் திருமுகத்தைத் துடைத்த நிலை அது. மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் செவிலியராய் நெடுங்காலம் பணிபுரிந்த நமக்கு, அவ்விடத்தில் வேறு பல முகங்களும் நினைவில் எழுகின்றன. இரத்தமும் புழுதியும் படிந்து, வீங்கி, பெற்ற தாயே அடையாளம் காண இயலாத முகங்கள் அவை. அவற்றுள் ஒரு முகத்திற்கு நாம் இழைத்த தவற்றைச் சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

முகம் 14 எலும்புகளால் ஆனது. அவற்றுள் அசைவது கீழ்த்தாடை ஒன்றே. மூக்கெலும்பு சிறு அடிக்கும் முறியும். நெற்றியெலும்போ பேரடியையும் தாங்கும். முக எலும்புகள் மனம்போனபடி உடைவதில்லை. இறந்தோரின் தலைகளைக் கொண்டு ஆராய்ந்த ரெனே லெ ஃபோர் என்னும் பிரெஞ்சு மருத்துவர், மேல்தாடைப் பகுதி பெரும்பாலும் மூன்று வரிகளிலேயே பிளவுறுகின்றது என்று 1901-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அடி எத்திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதை எலும்பே சொல்லிவிடும்.

நம் நாட்டில் முகமுறிவுக்கு முதற்காரணம் சாலை விபத்து. அதிலும் இருசக்கர வண்டியில் சென்றோரே மிகுதி. ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணியவேண்டும் என 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கூறுகின்றது. கவசத்தை வண்டியில் மாட்டிவைத்துவிட்டுத் தலையில் அடிபட்டு வந்தோரை எத்தனையோ முறை கண்டோம். மோவாயையும் மூடும் முழுக்கவசமே தாடையைக் காக்கும். கழுத்துப் பட்டையைப் பூட்டாத கவசம் விழும்போதே கழன்றுவிடும். மதுவருந்தி வண்டி ஓட்டியவரின் மணத்தைத் திருவிழாக் காலங்களில் நாம் அறியாத இரவில்லை.

இரண்டாவது காரணம் தவறி விழுதல். மரமேறுவோர், கட்டடத் தொழிலாளர், மொட்டை மாடியில் விளையாடும் சிறுவர் ஆகியோர் இவ்வகையினர். மோவாய் தரையில் மோதினால், காதின் முன்னுள்ள தாடைமூட்டின் கழுத்து இருபுறமும் முறியக்கூடும். வெளியே தெரிவது மோவாயில் ஒரு சிறு வெட்டுக்காயமே. தாய்மார்கள் அதற்குத் தையலிட்டால் போதும் என எண்ணுகின்றனர். குழந்தையிடம் இம்முறிவைக் கவனியாது விட்டால், மூட்டு இறுகி வாய் திறக்க இயலாமற்போகலாம். தாடையின் வளர்ச்சியும் குன்றலாம். அடிபட்டபின் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிடினும், உதடோ கன்னமோ மரத்துப்போனாலும், பார்ப்பவை இரண்டாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

மூன்றாவது காரணம் மனிதனின் கை.

1997-ஆம் ஆண்டில் ஒரு மாலை, இளம்பெண் ஒருத்தியைக் கணவர் அழைத்துவந்தார். "வாசற்படியில் தடுக்கி விழுந்துவிட்டாள்" என்றார். அவளும் தலையசைத்தாள். இடக்கன்ன எலும்பு உள்நோக்கி அமுங்கியிருந்தது. உள்ளங்கைகளில் ஒரு சிராய்ப்பும் இல்லை. விழுபவர் கையை ஊன்றுவர். மூக்கும் மோவாயும் நெற்றியும் அடிபடும். இடக்கன்னம் மட்டும் அமுங்குவது, பெரும்பாலும் எதிரே நிற்பவரின் வலக்கை செய்யும் வேலை. இதனை நாம் அறிந்திருந்தோம். ஆயினும் அக்கணவர் நம் பங்கைச் சேர்ந்தவர். ஞாயிறு பூசையில் முன்வரிசையில் காணும் முகம்.

மருத்துவர் நம்மை நோக்கி, "தெரிந்த குடும்பமா?" என வினவினார்.

"நல்ல குடும்பம், ஐயா" என்றோம்.

பதிவேட்டில் 'தவறி விழுந்ததால்' என எழுதப்பட்டது. ஒரு குடும்பத்தின் மானத்தைக் காத்துவிட்டதாக எண்ணி அன்றிரவு உறங்கினோம்.

எட்டு மாதங்கள் சென்றபின் அவள் மீண்டும் வந்தாள். இம்முறை கீழ்த்தாடை, முன்புறம் இடப்பக்கத்திலும், வலப்பக்கம் கடைவாய்ப் பல்லருகிலுமாக ஈரிடங்களில் முறிந்திருந்தது. ஒருபுறம் விழும் குத்து எதிர்ப்புறத்தையும் முறிப்பது மருத்துவர் நன்கறிந்த வகை. மேல்பற்களையும் கீழ்ப்பற்களையும் கம்பியால் பிணைத்துக் கட்டினார்கள். ஆறு வாரங்கள் கஞ்சியும் பாலுமே உணவு. பேச இயலாத அவள், நாம் நீட்டிய தாளில் எழுதினாள்: "சிஸ்டர், அன்றைக்கே உங்களுக்குத் தெரியும் அல்லவா?"

அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லி மன்னிப்புப் பெற்றோம். ஆனால் அவளிடம் மன்னிப்புக் கேட்பதே கடினமாயிருந்தது. கேட்டோம். அவள் நம் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். அதன்பின், காயமுற்ற எந்தப் பெண்ணையும், உடன் வந்தோரை வெளியே நிறுத்தித் தனியே கேளாமல் நாம் விட்டதில்லை.

249-ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியா நகரில் வெறிகொண்ட கூட்டத்தினர் முதிய கன்னியான அப்போலோனியாவின் தாடையில் அறைந்து பற்களை உடைத்தனர். பல்வலி வந்தால் அப்புனிதையை வேண்டுகின்றோம். ஆனால் அவர் முகத்தில் அடிபட்ட ஒரு பெண் என்பதை மறந்துவிடுகின்றோம்.

அன்புக் குடும்பத்தினரே, 'பொறுத்துக்கொள், எல்லாம் சரியாகிவிடும்' என்னும் அறிவுரையை அடிபட்டவளுக்கு மட்டும் கூறுவது அறமாகாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. 181 என்னும் மகளிர் உதவி எண்ணும் உண்டு. அடித்தவரும் நம் சகோதரரே. அவரைத் திருத்துவதற்கும் உண்மை வெளிப்பட்டாக வேண்டும். முறிந்த எலும்பை இன்று டைட்டேனியத் தகடு வைத்து இணைக்கின்றார்கள். மறைக்கப்பட்ட உண்மைக்கு அத்தகைய தகடு இல்லை.

வெரோணிக்கம்மாள் கூட்டத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்கி நிற்கவில்லை. தன் துகிலில் பதிந்த திருமுகத்தை மடித்து ஒளித்துவைக்கவும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஆறாம் நிலையில் முழந்தாளிடும்போது, நம் தெருவில், நம் உறவில், நாம் கண்டும் காணாததுபோல் கடந்துசென்ற முகம் ஏதேனும் உண்டா என எண்ணிப்பார்ப்போம்.