ஈரக் கையும் ஈர நெஞ்சும்

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்னும் பெயரோடே திருச்சிராப்பள்ளியைத் தழுவிச் செல்ல, வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பூண்டு அகன்ற மணற்பரப்பில் நடக்கிறது. இரண்டிற்கும் நடுவே தீவாய் அமைந்தது திருவரங்கம். மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர்க்குக் கோபுரங்களும், அவற்றைச் சூழ்ந்த தென்னந்தோப்புகளும், இருமருங்கிலும் இரண்டு ஆறுகளும் தெரியும். அவ்வாறுகளுள் ஒன்றின் கரையில் நாங்கள் கற்ற பாடம் ஒன்றை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். எந்த நூலிலும் நாங்கள் படித்திராத அப்பாடத்தை ஒரு மீன் தன் உயிரைக் கொடுத்துக் கற்பித்தது.

ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் கல்லூரி விடுதியில் தங்கிப் பயின்ற காலம் அது. அவ்வாண்டு புனித ரமலான் தை, மாசித் திங்களில் வந்தது. ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மேட்டூர் அணையின் மரபு. அணை மூடியபின் கொள்ளிடம் நடையை நிறுத்திவிடும். பள்ளமான இடங்களில் மட்டும் நீர் மடுக்களாகத் தேங்கும். புதுவெள்ளத்தோடு மகிழ்ந்து வந்த பெருமீன்கள் அம்மடுக்களில் சிறைப்பட்டுக் கிடக்கும்.

ஒரு விடுமுறை நாளில் லுஹர் தொழுகையை முடித்துவிட்டு நண்பர்கள் நால்வரும் மிதிவண்டிகளில் புறப்பட்டோம். காவிரிப் பாலம் கடந்து, திருவரங்கம் கடந்து, கொள்ளிடக் கரையை அடைந்தோம். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் நீரும் எங்களிடம் இருந்தன. பொழுது போக்கத் தூண்டில் ஒன்றும் இருந்தது. சிறு கெண்டைகள் கிடைக்கும் என்றே எண்ணியிருந்தோம். சிக்கியதோ எங்கள் இடுப்புயரம் இருந்த ஆற்று வாளை!

அரைமணி நேரம் அது போராடியது. நாங்களும் விடவில்லை. இறுதியில் அது அயர்ந்து கரையொதுங்கியபோது சுடுமணலில் இழுத்துப் போட்டோம். செவுளுக்குள் விரல் கொடுத்துத் தூக்கி நிறுத்தினோம். ஒருவர் மாற்றி ஒருவர் கையில் ஏந்தி அழகு பார்த்தோம். பிறகு அதன் வாய் திறந்து மூடுவதைக் கண்டு எங்கள் நெஞ்சு இளகியது. "நோன்பு வைத்திருக்கிறோம், இந்த உயிரை விட்டுவிடுவோம். அல்லாஹ் நற்கூலி தருவான்" என்றார் நண்பர் ஒருவர். அனைவரும் இசைந்தோம். இருவர் தலையும் வாலும் பிடித்து வீச, மீன் பெரும் ஓசையுடன் மடுவில் விழுந்து மறைந்தது. அன்று மாலை நோன்பு திறக்கையில் எங்கள் உள்ளத்தில் பொங்கிய மனநிறைவை இன்று எண்ணினாலும் நாணமே மிஞ்சுகிறது.

மறுநாளும் அங்கே சென்றோம். வெண்ணிற வயிறு மேலே தெரிய அந்த வாளை கரையோரம் மிதந்துகொண்டிருந்தது. சற்றுத் தொலைவில் முழங்கால் நீரில் நின்றிருந்த முதிய மீனவர் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். முந்தைய நாள் நடந்ததை அவர் மறுகரையிலிருந்து கண்டிருக்கிறார். "தம்பிகளா, அடிச்சுக் கொண்டுபோய்ச் சமைச்சிருந்தா ஒரு வீட்டுக்குச் சோறாகியிருக்கும். விட்டோம்னு சொல்லிச் சாகடிச்சிட்டீங்களே" என்றார். அச்சொல் எங்களைச் சுட்டது.

தலைகுனிந்து நின்ற எங்கள்மீது இரங்கியோ என்னவோ, தம் தொழிலைக் காட்டித் தந்தார் அவர். நீண்ட மூங்கிற்பிடியில் வளையம் பொருத்தி, அதில் பைபோல வலை தைத்த கைவலை அவரிடம் இருந்தது. தூண்டிலில் சிக்கிய மீனை அவர் துரத்தவில்லை. வலையை முன்னரே நீருக்குள் அமிழ்த்தி வைத்துக்கொண்டு, மீனின் தலை அதற்குள் வரும்வரை காத்திருந்தார். மீன் உள்ளே வந்ததும் வளையத்தை மட்டும் நீர்மட்டத்திற்கு உயர்த்தினார். மீன் வலைக்குள் நீரிலேயே நின்றது. கைகளை நனைத்துக்கொண்டு, ஒரு கையால் வாலின் அடியையும் மறுகையால் வயிற்றையும் தாங்கி, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றினார். "உயிரோட இருந்தாத்தான் தம்பி விலை" என்றார் சிரித்தபடி. வயிற்றுப்பாட்டுக்காக அவர் பழகிய அந்த மென்மை, அறம் செய்வதாக எண்ணிய எங்களிடம் இல்லை.

அவர் கைப்பழக்கத்தால் அறிந்ததை அறிவியல் பின்னாளில் எங்களுக்கு விளக்கியது. மீனின் உடலைப் போர்த்தியுள்ள வழவழப்பான படலம் நோய்க்கிருமிகளைத் தடுக்கும் கவசம். உலர்ந்த கையும் மணலும் அதை உரித்துவிடுகின்றன. முடிச்சுகள் புடைத்த நைலான் வலை துடுப்புகளைக் கிழிக்கிறது. ஆதலால்தான் இன்று முடிச்சில்லா வலையையும், ரப்பர் பூசிய வலையையும் பரிந்துரைக்கின்றனர். நீரில் விரிந்து மூச்சு வாங்கும் செவுள் இழைகள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நீரால் தாங்கப்பட்டே வளர்ந்த பெருமீனை வாயைப் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கினால், அதன் எடையே அதன் தாடைக்கும் உள்ளுறுப்புகளுக்கும் பகையாகிறது. வெயிலில் சூடேறிய மடுவில் உயிர்வளியும் குறைவு.

கனடா நாட்டு ஆய்வாளர் இருவர் 1992இல் வெளியிட்ட முடிவுகள் நெஞ்சை உறுத்துவன. டிரவுட் மீன்களை அயரும்வரை விரட்டி நீரிலேயே விட்டபோது நூற்றுக்கு 12 இறந்தன. அயர்ந்த மீன்களை 30 வினாடி காற்றில் வைத்தபோது 38 இறந்தன. 60 வினாடி வைத்தபோது 72 இறந்தன. நாங்களோ மணித்துளிகள் பலவற்றை அழகு பார்ப்பதில் கழித்தோம்!

விடும்போதும் எறிதல் கூடாது. வயிற்றைத் தாங்கி, ஓடும் நீராயின் தலையை நீரோட்டத்திற்கு எதிரே நிறுத்தி, மீன் தானாகவே வாலை உதறிப் புறப்படும்வரை பொறுமையோடு பிடித்திருத்தல் வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டுதலும் தவறு. செவுளின் வழி நீர் முன்னிருந்து பின்னோக்கிச் செல்வதே இயற்கை.

ஒரு வாளையின் கதை இது. இதே காவிரியின் மேற்பகுதியில் ஓர் இனத்தின் கதையே நடக்கிறது. திமில் மஹ்சீர் எனப்படும் பெருமீன் உலகில் காவிரிப் படுகையில் மட்டுமே வாழ்வது. 1946இல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பார் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு எடையுடையது. வெடிவைத்துப் பிடிப்பதும் அணைகளும் அந்த இனத்தை அருகச் செய்தன. அதனைக் காக்க எண்ணியோர் பண்ணையில் பொரித்த வேறொரு மஹ்சீர் இனத்தின் குஞ்சுகளை ஆற்றில் விட்டனர். கர்நாடகத்துக் காலிபோர் முகாமில், பிடித்த மீனைத் திரும்ப விடும் தூண்டிற்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த குறிப்பேடுகளை ஆராய்ந்தபோது, வந்தேறிய இனம் பெருகுவதும் மண்ணின் இனம் மறைவதும் புலப்பட்டன. 2018இல் அதன் அறிவியற்பெயர் உறுதிசெய்யப்பட்டது. அவ்வாண்டே அது அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாகச் செம்பட்டியலில் சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு விடப்பட்ட குஞ்சுகளும் கேடு செய்தன. நம் குளங்களில் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும், வீட்டுத் தொட்டியில் அலுத்துப்போன அயல்மீனையும் கொண்டுபோய் விடுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

செயல்கள் யாவும் எண்ணத்தைப் பொறுத்தவை என்பது நம் மார்க்கம் கற்பிக்கும் முதற்பாடம். எங்கள் நிய்யத்து அன்று நன்றாகத்தான் இருந்தது. ஆயினும், எச்செயலையும் செம்மையாகச் செய்வதை இறைவன் விதித்துள்ளான் என்றும், அறுக்கும்போதுகூடக் கத்தியைக் கூர்மையாக்கி அவ்வுயிரின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். அறுப்பதற்கே இத்துணை நயம் வேண்டுமெனில், விடுவிப்பதற்கு எத்துணை வேண்டும்! உண்பதற்காகப் பிடித்தல் ஆகுமானது. மீனவர் உழைப்பு ஹலாலானது. வேடிக்கைக்காகப் பிடித்து, அறியாமையால் கொன்று, நன்மை செய்தோம் என்று நம்பிக்கொள்வதுதான் பிழை. அருளுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், அறிவுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்ததன் பொருத்தம் எங்களுக்கு அந்தக் கரையில்தான் விளங்கியது.

மாணவ நண்பர்களே! வறியவருக்கு உதவும்போதும், மெலிந்தோரைத் தாங்கும்போதும் இந்த வாளையை நினைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பவரின் மனநிறைவுக்காகத் தூக்கிக் காட்டப்படும் எளியவர், எங்கள் கையில் மூச்சுத் திணறிய அம்மீனைப் போன்றவரே. அவரை அவருடைய நீரிலேயே, அவருடைய மானத்தோடு நிற்கவிட்டுத் தாங்குங்கள்.

அந்தப் பெரியவரை அதன்பின் நாங்கள் காணவில்லை. எனினும் கொள்ளிடப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம், மணலிடையே மின்னும் மடுக்களைப் பார்த்து எங்கள் கைகள் தாமாகவே ஒன்றையொன்று தடவிப் பார்த்துக்கொள்கின்றன. அவை உலர்ந்தே இருக்கின்றன.