கொப்பி வெறுமையாக இருந்தால்...



பாடசாலை விட்டுப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? பையைத் திறந்து கொப்பியைப் பார்ப்பீர்கள். இரண்டு பக்கம் எழுதியிருந்தால் மனம் நிறையும். வெறுமையாக இருந்தால், "இண்டைக்கி டீச்சர் ஒண்டும் படிச்சித் தரல்லயா?" என்று கேட்பீர்கள். என் வீட்டிலும் அப்படித்தான். கேட்டவள் என் மனைவி மட்டுமல்ல, நானும்தான்.

நான் அரபுக் கல்லூரியில் ஓதி, மௌலவி ஆசிரியராக நியமனம் பெற்றவன். ஆரம்பப் பிரிவில் இஸ்லாம் பாடம் கற்பிக்கிறேன். நாங்கள் ஓதிய காலத்தில் உஸ்தாத் சொல்வார். நாங்கள் மனனமிட்டு ஒப்புவிப்போம். கற்பித்தல் என்றால் அதுதான் என்றிருந்தேன். அதனால் தரம் 1 வகுப்பைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்குச் சினம் வரும். பிள்ளைகள் நிலத்தில் இருந்து சோடா மூடி எண்ணுவார்கள். கடை வைத்து விளையாடுவார்கள். டீச்சர் ஓர் ஓரமாக நின்று ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். "சம்பளம் வாங்கிக்கொண்டு விளையாட விடுகிறார்களே!" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இந்த எண்ணத்தை மாற்றியது ஒரு சிறிய ஆய்வு. நான் பட்டப்பின் கல்வி டிப்ளோமா படித்தபோது, செயல்நிலை ஆய்வு ஒன்று செய்ய வேண்டியிருந்தது. "தனியே செய்யாதீர்கள். உங்களோடு கற்பிப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பப் பிரிவு ஆசிரியரின் வேலை எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள்" என்றார் விரிவுரையாளர்.

அவர் இங்கிலாந்தில் நடந்த ஒன்றை எடுத்துச் சொன்னார். அங்கே 1988 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தேசிய பாடத்திட்டத்தையும் பரீட்சைகளையும் கொண்டுவந்தது. அதனால் ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் என்ன நேர்ந்தது என்று ஆன்ட்ரூ பொலார்ட், பட்ரிசியா புரோட்ஃபுட் முதலிய ஆய்வாளர்கள் பல வருடங்கள் கூட்டாக ஆராய்ந்தார்கள். ஆசிரியரைக் கேட்டார்கள், வகுப்பில் இருந்து பார்த்தார்கள், பிள்ளைகளோடும் பேசினார்கள். பதிவு வேலையும் மனச்சுமையும் கூடியிருந்தன. ஆயினும், சில ஆசிரியர்கள் மேலிருந்து வந்த உத்தரவை மறுக்கவுமில்லை, அப்படியே நிறைவேற்றவுமில்லை. தம் பிள்ளைகளுக்கு ஏற்ற விதமாக அதை வளைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டிலும் அப்படியொரு மாற்றம் வந்ததே! 1998 இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999 இல் நாடு முழுவதற்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம்தான் அது.

தரம் 1 டீச்சர், தரம் 2 டீச்சர், நான் ஆகிய மூவரும் சேர்ந்தோம். இரண்டு வாரங்களுக்கு அவரவர் செய்யும் வேலையை ஒரு கொப்பியில் குறிப்பது, ஒருவர் வகுப்பில் மற்றவர் இருந்து பார்ப்பது, குறை சொல்வதில்லை. இதுதான் எங்கள் உடன்பாடு.

தரம் 1 டீச்சர் 1996 இல் நியமனம் பெற்றவர். இரண்டு காலத்தையும் கண்டவர். "முன்னர் கரும்பலகையில் எழுதிப் போடுவோம், பிள்ளைகள் பார்த்து எழுதும். 1999 க்குப் பிறகு விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்றும் வந்தன. ஒவ்வொரு பிள்ளையும் எந்தத் தேர்ச்சியை அடைந்தது என்று கவனித்துப் பதிய வேண்டும். நான் மூலையில் நின்று எழுதுவது அதைத்தான், மௌலவி" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அவருடைய குறிப்பைப் படித்தேன். காலையில் வரவு இடாப்பு, பிறகு உணவு பங்கிடுதல், விழுந்த பிள்ளைக்கு மருந்து, பின்னேரம் மட்டை வெட்டிப் படம் ஒட்டுதல். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் அனுப்பப் பிடித்த கைபேசியை அவர் பின்னரும் கீழே வைக்க முடியவில்லை. இஷாவுக்குப் பிறகும் தாய்மாரின் வாட்ஸ்அப் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருந்தார். அதில் பாதி, "இண்டைக்கி ஏன் ஒண்டும் எழுதல்ல?" என்பதுதான்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

அந்த வகுப்பில் ஒரு மகன் இருந்தார். என் பாடத்தில் ஒன்றும் எழுதமாட்டார். படிப்பு ஏறாத பிள்ளை என்று நானே தீர்மானித்து, கடைசி வாங்கில் இருத்தியிருந்தேன். நான் பார்க்கப் போன அன்று கடை விளையாட்டில் அவர்தான் முதலாளி. காகிதக் காசை வாங்கி, மிச்சத்தைப் பிழையில்லாமல் எண்ணிக் கொடுத்தார். அவசரப்பட்ட பிள்ளைக்குக் கணக்கை விளக்கியும் சொன்னார். நான் வாயடைத்து நின்றேன்.

டீச்சரின் பதிவில் இருந்தது: "கணக்கில் நல்ல தேர்ச்சி. பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறார். தாயிடம் சொல்ல வேண்டும்."

பார்வை குறைந்த பிள்ளையையா நான் கடைசி வாங்கில் இருத்தினேன்! கொப்பியை மட்டுமே பார்த்த கண்ணுக்குப் பிள்ளை தெரியவில்லை. அன்றே அவரை முன்னுக்கு அழைத்து இருத்தினேன். தாயார் முதலில் "சின்னப் பிள்ளைக்குக் கண்ணாடியா?" என்று தயங்கினாலும், பிறகு வைத்தியரிடம் காட்டினார். கண்ணாடி வந்தது. எழுத்து இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் இப்போது எழுதுகிறார்.

எங்கள் ஆய்வினால் பதிவேடுகள் குறையவில்லை. அது எங்கள் கையில் இல்லை. ஆனால் மூவரும் வாரம் ஒருமுறை கூடி மஷூரா செய்கிறோம். ஒருவர் கண்ணுக்குத் தப்பிய பிள்ளை மற்றவர் கண்ணில் படுகிறது. தாய்மாரையும் அழைத்து வகுப்பில் இருத்திக் காட்டினோம். அதன்பின் இரவுக் கேள்விகள் குறைந்தன.

சகோதரிகளே! எழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொப்பியைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். "என்ன எழுதினாய்?" என்பதோடு, "இண்டைக்கி என்ன செய்தாய்?" என்றும் கேளுங்கள். டீச்சரைக் காணும்போது, "என் பிள்ளையில் நீங்கள் என்ன கண்டீர்கள்?" என்று கேளுங்கள். நீங்கள் வீட்டில் கண்டதையும் அவரிடம் சொல்லுங்கள்.

நான் என் மகளிடம் அப்படிக் கேட்டேன். அன்று அவளுடைய கொப்பி வெறுமையாகத்தான் இருந்தது. அவள் சொன்ன கதை முடியும்போது மஃரிபுக்கு பாங்கு சொல்லிவிட்டது.