அறுந்த இழை

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு, பட்டு நெசவாளர் வாழும் ஊர். விடியுமுன்பே இங்குத் தறியொலி கேட்கத் தொடங்கிவிடும். அவ்வொலியினிடையே வாழ்ந்து, முப்பதாண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் யான்.

யான் பெரிதும் விரும்பிக் கற்பித்த நூல் மணிமேகலை. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய அப்பௌத்த காப்பியத்தை 1898ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றி உதவினார். மணிமேகலை அறவண அடிகளிடம் அறங்கேட்டு நோன்பு பூண்டது எங்களூருக்கு வடகிழக்கேயுள்ள காஞ்சி மாநகரில். துன்பம் தோன்றும் வகையைப் பன்னிரு நிதானங்களாக அடிகள் அவளுக்கு உரைத்தார். அவற்றை மாணவர் பிழையின்றி ஒப்பிக்குமாறு செய்வதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

ஒருநாள் அமுதசுரபியின் சிறப்பை விரித்துரைத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் மாணவன் ஒருவன் கண்ணயர்ந்தான். சினம் மேலிட, அவனை எழுப்பிப் பிரம்பால் அடித்தேன். அவன் அழவில்லை, தலைகுனிந்து நின்றான். தந்தை நோயுற்றமையால் இரவெல்லாம் தறியில் அமர்ந்து, காலையில் உண்ணாமலே வந்தவன் அவன் என்பதை மாலையில் அறிந்தேன். பசிப்பிணி தீர்க்கும் பாத்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே, பசித்த பிள்ளையை அடித்திருந்தேன். மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. யானும் அவன் இல்லம் தேடிச் செல்லவில்லை.

ஓய்வு பெற்ற பின்னர், சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்திலுள்ள தியான நிலையத்திற்குச் சென்றேன். பர்மாவில் பிறந்த கோயங்கா என்பார் 1969ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் பரப்பிய விபாசனா முறை அங்குக் கற்பிக்கப்படுகிறது. கட்டணம் இல்லை. பத்து நாள் பயிற்சி; வைகறை நான்கு மணிக்கு எழவேண்டும்; பிறரோடு பேசலாகாது. முதல் மூன்று நாள் மூக்கின் வழியே மூச்சு வருவதையும் போவதையும் கவனித்திருத்தலே பணி. பின்னர் உடலெங்கும் தோன்றும் உணர்ச்சிகளை விருப்பு வெறுப்பின்றி நோக்குதல் வேண்டும்.

எளிது என்று எண்ணினேன். என் மனமோ பத்து மூச்சளவும் நில்லாமல் ஓடிற்று. முழங்கால் வலித்தது. 'இவ்வலி ஒழிக' என மனம் சினந்தது. சினக்கச் சினக்க வலி பெருகிற்று. அப்பொழுதுதான் திடுக்கிட்டேன். ஊறு, நுகர்வு, வேட்கை என்று யான் ஒப்பிக்கச் செய்த நிதானங்கள் என் முழங்காலிலேயே நிகழ்ந்துகொண்டிருந்தன. நுகர்வு வந்தவுடன் மனம் துள்ளுகிறது. அத்துள்ளலைக் காணாதவன் அதற்கு அடிமையாகிறான். அன்று பிரம்பை ஓங்கியதும் அத்துள்ளலே.

ஊர் திரும்பியதும் அம்மாணவனைத் தேடிச் சென்றேன். நாற்பதைக் கடந்த நெசவாளனாகத் தறிக்குழியில் அமர்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழ முயன்றான். தடுத்து, "தம்பி, அன்று உன்னை அடித்தது என் பிழை. அதனை உன்னிடம் சொல்லவே வந்தேன்" என்றேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "பள்ளியை விட்டதுதான் ஐயா இன்னும் வருத்தம்" என்றான். அச்சொல்லுக்கு என்னிடம் விடை இல்லை.

அவ்வேளை பாவில் ஓர் இழை அறுந்தது. அவன் தறியை நிறுத்தினான். குனிந்து, அறுந்த இரு நுனிகளையும் தேடியெடுத்து முடிந்தான். மீண்டும் நாடாவை ஓட்டினான். முகத்தில் சிறு சுளிப்பும் இல்லை. "சலிப்பாக இராதா?" என வினவினேன். "கோபித்து இழுத்தால் இன்னும் நான்கு இழை அறும் ஐயா" என்றான்.

போதி என்னும் மெய்யறிவை எய்தினீரோ என்று வினவுவீராயின், இல்லை என்பதே என் விடை. நாள்தோறும் வைகறையில் அமர்கிறேன். மனம் அறுந்து ஓடுகிறது. சினவாமல் மீட்டுக்கொணர்ந்து மூச்சிலே முடிகிறேன். மாணவர்களே, யான் ஒருநாள் கூடையிட்டு மூடிய இழையொன்று இன்னும் முடியப்படாமலே கிடக்கிறது. அவன் மகள் இப்பொழுது மாலைதோறும் என்னிடம் தமிழ் கற்க வருகிறாள்.