ஆறு வேற்றுமையும் எட்டு வேற்றுமையும்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் அமெரிக்கப் பெற்றோரிடையே லத்தீனுக்கு உள்ள மதிப்பு எங்களுக்கு முதலில் வியப்பாகத்தான் இருந்தது. டோரதி சேயர்ஸ் (துப்பறியும் கதைகள் எழுதிய அதே சேயர்ஸ்தான்) 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் உரை நிகழ்த்தினார். லத்தீன் சிறிதளவு தெரிந்தாலே வேறெந்தப் பாடத்தையும் கற்கும் உழைப்பு பாதியாகக் குறையும் என்றார். 1999இல் ஜெஸ்ஸி வைஸும் அவர் மகள் சூசன் வைஸ் பாவரும் எழுதிய கையேடு அந்த எண்ணத்தைப் பல வீடுகளின் சமையலறை மேசைவரை கொண்டு சேர்த்தது. பாதி உழைப்பு என்னும் கணக்கை நாங்கள் நம்பவில்லை. எங்கள் பத்து வயது மகள் லத்தீன் கேட்டதற்குக் காரணம் பறவைகள். வாசலில் புழு கொத்தும் ராபினுக்கு அறிவியலார் வைத்த பெயர் துர்துஸ் மிக்ராதோரியுஸ் என்றும், அதற்கு வலசை போகும் பூங்குருவி என்று பொருள் என்றும் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, மற்ற பெயர்களையும் தானே உடைத்துப் பார்க்க வேண்டும் என்று நின்றாள்.

தயக்கம் வேறிடத்தில் இருந்தது. மொழிகளுக்கென்று வாரத்தில் ஐந்து மணி நேரம் ஒதுக்கியிருந்தோம். அது முழுவதும் தமிழுக்கு. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு ஏழு வயதிலேயே தொடங்கிவிட்டது. சொந்த மொழியில் ஒரு பத்தி எழுதத் திணறும் பிள்ளைக்கு ரோமாபுரி பாஷை எதற்கு என்று ஊரிலிருந்து தாத்தா தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் இல்லாமலேயே புத்தகங்களைத் தேடத் தொடங்கினோம்.

எங்கள் இருவருக்கும் லத்தீன் தெரியாது. எந்தப் பாடநூலையும் இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டியிருந்தது. தேவாலய உச்சரிப்பைப் பின்பற்றும் பாடத்திட்டங்கள் இவ்வகையில் மிகவும் கருணை உடையவை. இன்று இதைச் சொல், நாளை அதை ஒப்பிக்கச் செய் என்று பெற்றோரின் கையைப் பிடித்து நடத்துகின்றன. அவற்றின் ஜெபங்களோடு எங்களுக்குப் பகையில்லை. ஆனால் ரோமானியர் பேசியிருக்கக்கூடிய ஒலிகளே எங்களுக்கு வேண்டியிருந்தன. ஃபிரெடெரிக் வீலாக்கின் நூல் 1956இல் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய படைவீரர்களை மனத்தில் வைத்து உருவானது, நாற்பது அத்தியாயங்கள். பழைய ஆசிரியர்களின் வாக்கியங்களை முதல் அத்தியாயத்திலிருந்தே படிக்கத் தருவது அதன் பெருமை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது இரும்புக் கடலை. கேம்பிரிட்ஜ் பாடநூலின் நாயகன் கைகிலியுஸ், பொம்பெயியில் உண்மையாகவே வாழ்ந்த வட்டிக்கடைக்காரர். அவருடைய மெழுகுப் பலகைக் கணக்குகள் 1875இல் கிடைத்தன. கதை சுவையானது, இலக்கணம் மெல்ல மெல்லத்தான் வருகிறது.

மகளின் மனம் போனது எலியிடம். பார்பரா பெல் 1999இல் எழுதிய 'மினிமுஸ்', ஓர் எலியும் ஒரு குடும்பமும் வரும் படக்கதை. இங்கிலாந்தின் வடகோடியில், விண்டோலாண்டா என்னும் ரோமானியக் கோட்டையில், கி.பி. 100ஐ ஒட்டி நடக்கிறது. கோட்டைத் தலைவன் ஃபிளாவியுஸ் கெரியாலிஸும் மனைவி லெபிதினாவும் கற்பனை மாந்தர் அல்லர். 1973 முதல் அங்கே மண்ணுக்கடியிலிருந்து மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்து வருகின்றன. மையால் எழுதிய கடிதங்கள், கணக்குகள். அவற்றில் ஒன்றில் கிளாவுதியா செவேரா என்பவள் செப்டம்பர் 11 அன்று வரும் தன் பிறந்தநாளுக்கு லெபிதினாவை அழைக்கிறாள். கடிதத்தை எழுத்தர் ஒருவர் எழுத, இறுதியில் சில வரிகளைச் செவேரா தன் கையாலேயே சேர்த்திருக்கிறாள். பெண்ணொருத்தி எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய லத்தீன் கையெழுத்துகளுள் அது ஒன்று. குளிரும் படைகளும் நிறைந்த எல்லையில் ஒருத்தி தோழியை வீட்டுக்குக் கூப்பிட்டதற்காக எழுதிய வரிகள் என்று சொன்னபோது மகள் அதன் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரரசர்களின் கல்வெட்டுகள் எவற்றுக்கும் அவள் அப்படி நின்றதில்லை.

எலியின் கதை சில மாதங்களில் தீர்ந்துவிடும். அதன் பிறகு யார் என்பதுதான் எங்களிடையே வாக்குவாதம் ஆயிற்று. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓர்பெர்க்கின் நூலில் முப்பத்தைந்து அத்தியாயங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை லத்தீன் மட்டுமே. புதுச் சொல்லை ஓரத்துப் படமோ அறிந்த லத்தீன் சொல்லோ விளக்கும். வழிகாட்ட வேற்றுமொழி ஒரு சொல்லும் கிடையாது. லத்தீன் தெரியாத பெற்றோர் இதை எப்படி நடத்துவது?

இந்த இடத்தில்தான் தமிழ் உள்ளே வந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட லத்தீன் பாடநூல்கள், சொல் நிற்கும் இடத்தை வைத்துப் பொருளைத் தீர்மானிக்காதே, ஈற்றைப் பார் என்று பிள்ளைக்குப் பக்கம் பக்கமாகப் புத்தி சொல்கின்றன. 'அக்ரிகொல லுபும் விதெத்' என்று நாங்களே ஒரு வாக்கியம் அமைத்து, 'உழவன் ஓநாயைப் பார்க்கிறான்' என்று அடியில் எழுதினோம். லுபுஸ் என்பது லுபும் ஆனது ஐ உருபு ஏற்றதால்தான் என்றோம். அவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சொல்வரிசைகூட ஒன்றாகவே அமைந்தது. லத்தீனின் ஆறு வேற்றுமைகளை நம் எட்டோடு பொருத்திப் பார்த்தோம். எழுவாய், ஐ, கு, உடைமைப் பொருளில் வரும் ஆறாவது, விளி என ஐந்து ஏறத்தாழ நேருக்கு நேர் நின்றன. எஞ்சிய அப்லாதிவுஸ், நம்முடைய மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது ஆகிய மூன்றின் சுமையையும் தனியொருவனாகத் தூக்குகிறது. எதனால், எங்கிருந்து, எங்கே என்று மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் அதுவே பதில். ஆங்கில வழியில் படிப்பவர்கள் அதைக் கண்டு அஞ்சுவதன் காரணம் அன்று விளங்கிற்று.

குறில் நெடிலும் கைகொடுத்தது. 'ரொஸ' என்றால் ரோஜா, எழுவாய். ஈற்றை நீட்டி 'ரொஸா' என்றால் அப்லாதிவுஸ். ரோமன் எழுத்தில் மேலே ஒரு கோடு போட்டுத்தான் இதைக் காட்ட முடியும். நம் எழுத்தில் தானாகவே தெரிகிறது. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வடிவில் பிரித்துக் காட்டியவராகச் சொல்லப்படும் வீரமாமுனிவர், பேச்சுத் தமிழுக்கு லத்தீனிலேயே இலக்கணம் எழுதியவர். கத்தோலிக்கத் துறவியான அவருடைய அந்நூலை 1738இல் தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் என்பது தனியே எழுத வேண்டிய கதை. அவர் கடந்த பாதையில் எதிர்த்திசையில் நடக்கிறோம் என்று சொல்லிக்கொண்டோம். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

தமிழ் எல்லா இடத்திலும் உதவியதென்று சொல்ல முடியாது. மேசை ஏன் பெண்பால் என்று அவள் கேட்டபோது உயர்திணை அஃறிணை அறிந்த எங்களிடம் பதில் இல்லை. பெயருக்கேற்ப அடைமொழியும் ஈறு மாறுவது இன்றும் தகராறுதான். தமிழ் எழுத்தில் சொற்பட்டியல் எழுதினால் லுபும் என்பதன் நடு எழுத்தை எப்படி ஒலிப்பது என்று மறுநாளே மறந்துவிடுகிறது.

ஓர்பெர்க்கையே வாங்கினோம், பயிற்சி நூலோடும் விடைகளோடும். நிபந்தனை ஒன்று வைத்தோம்: லத்தீன் வகுப்பில் ஆங்கிலம் கிடையாது. நூல் லத்தீனில் பேசும், நாங்கள் தமிழில் பேசுவோம், அவளும் தமிழில்தான் கேட்க வேண்டும். ஐந்து மணி நேரத்தில் இரண்டு இதற்குப் போயிற்று. தாத்தாவுக்கு இந்த ஏற்பாடு பாதி சம்மதம். போன வாரம் அவரோடு பேசுகையில் மகள், "தாத்தா, அப்லாதிவுஸ் வந்தா ஆலா, இன்னா, இல்லான்னு நாமதான் கண்டுபிடிக்கணும்" என்று தமிழிலேயே சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொல்லம்மா என்றார். இருபது நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.